ராக் இசைக்குழுக்கள் தங்கள் மேடை நிகழ்ச்சியைத் தொடங்கிய விதங்களில் உங்களால் மறக்க முடியாதது எது?

நேரில் பார்த்தது ஒன்று, ஒலிப்பதிவில் கேட்டது ஒன்று, திரைப்படத்தில் பார்த்தது ஒன்று என்று மூன்றைச் சொல்வேன்.

நேரில் பார்த்தது மெட்டாலிகா என்ற அமெரிக்க ஹெவி மெட்டல் குழுவை. 2011 அக்டோபர் 30, பெங்களூர் அரண்மனை மைதானம். இரண்டு நாள்களுக்கு முன்பு டெல்லியை அடுத்த குர்கானில் நடக்கவிருந்த அவர்களுடைய நிகழ்ச்சி கடைசி நேரத்தில் நின்றுபோயிருந்ததால், இங்கேயாவது நடக்குமா என்ற கவலையுடன்தான் சென்னையிலிருந்து இரவு ரயிலில் வந்திருந்த நாங்கள் நான்கு பேரும் மதியத்திலிருந்து வரிசையில் நின்றோம். இருட்டிய பிறகு, முன்னதாக வாசித்த குழுக்கள் இறங்கிப்போய் வெகுநேரம் கழித்து, மேடை விளக்குகள் மொத்தமாக அணைந்தன. குழுவினர் யாரும் வரவில்லை. ஒலிபெருக்கிகளில் ஒரு பியானோ மட்டும், ஓடுகிறவனின் மூச்சைப்போல, ஒரே சுரக்கோவையைத் திரும்பத் திரும்ப வாசிக்கத் தொடங்கியது.

அது 1966இல் வெளிவந்த 'தி குட், தி பேட் அண்ட் தி அக்லி' படத்துக்காக இத்தாலிய இசையமைப்பாளர் எனியோ மோரிக்கோனே எழுதிய 'தி எக்ஸ்டஸி ஆஃப் கோல்ட்'. படத்தில், புதைத்து வைத்த தங்கத்தைத் தேடி ஒருவன் ஆயிரக்கணக்கான கல்லறைகளுக்கு நடுவே தலைதெறிக்க ஓடும் காட்சிக்கான இசை அது. மெட்டாலிகாவின் நிகழ்ச்சிகளில் பெரும்பாலும் அந்தக் காட்சியே பின்திரையிலும் ஓடும். பியானோவின் மேல் எட்டா டெல் ஓர்சோ என்ற பாடகியின் குரல் சொற்களே இல்லாமல் ஏறுகிறது. (சுவாமி புறப்பாட்டுக்கு நாதஸ்வரத்தில் வாசிக்கும் மல்லாரிக்கும் சாகித்யம் கிடையாது என்பது அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் நின்றபோதே எனக்கு நினைவுக்கு வந்தது.) இருபது வயதுப் பையன்கள் ஆயிரக்கணக்கில், கைகளை உயர்த்தியபடி, அந்தச் சொல்லில்லாத மெட்டை உரக்க முனகினார்கள். எனக்கு முன்னால் நின்றிருந்த, நாற்பது வயதைக் கடந்திருக்கக்கூடிய ஒருவர் மட்டும் எதுவும் பாடாமல், தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சட்டைப்பைக்குள் வைத்து, பையின் பித்தானையும் போட்டுக்கொண்டார். அடுத்து என்ன வரப்போகிறது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. இசை முடிந்த கையோடு அவர்களுடைய 'க்ரீப்பிங் டெத்' பாட்டு வெடித்தது; பின்னாலிருந்து வந்த தள்ளலில் நாங்கள் நான்கு பேரும் நான்கு திசையில் போனோம், அதன்பிறகு நிகழ்ச்சி முடிந்து வாசலில்தான் சந்தித்தோம்.

மெட்டாலிகா இந்த இசையை 1983இலிருந்து தன் நிகழ்ச்சிகளின் வாயிலாக வைத்திருக்கிறது. அதில் நடைமுறை வசதி ஒன்றும் உண்டு. சுமார் மூன்றரை நிமிடம் என்று நீளம் தெரிந்த ஒலிநாடா ஓடும்போது, மேடைக்குப் பின்னால் இருப்பவர்களுக்கு அதுவே கடிகாரம். எந்த இடத்தில் டிரம்ஸ்காரர் உட்கார வேண்டும், எந்த இடத்தில் கிட்டார்கள் தோளுக்கு வர வேண்டும் என்பதை யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் கூட்டத்துக்கு அது வேலை செய்வது வேறு காரணத்தால். இத்தனை ஆண்டுகளில் ஒவ்வொரு ரசிகனும் அதைப் பதிவுகளில் கேட்டு, அதன் முடிவில் என்ன நிகழும் என்று மனப்பாடமாக அறிந்திருக்கிறான். 1999இல் அமெரிக்காவின் பெர்க்லியில் சான் பிரான்சிஸ்கோ சிம்பொனியுடன் சேர்ந்து அவர்கள் நிகழ்ச்சி நடத்தியபோது, மைக்கேல் கேமன் இசைநடத்துநராக நின்று வழிநடத்த, அந்த இசையை வாத்தியக்குழுவே மேடையில் வாசித்தது. அந்தப் பதிவில் முதல் சில சுரங்களுக்கே கூட்டம் எழுப்பும் ஆரவாரத்தைக் கேட்டால் நான் சொல்வது விளங்கும்.

அயர்ன் மெய்டன் என்ற ஆங்கிலேய மெட்டல் குழுவின் ரசிகர்களுக்கும் இப்படி ஓர் அடையாளம் உண்டு: யூஎஃப்ஓ என்ற மற்றொரு குழுவின் 'டாக்டர் டாக்டர்' பாட்டு ஒலிபெருக்கியில் வந்துவிட்டால் நிகழ்ச்சி தொடங்கப்போகிறது என்று பொருள், வெளியே நிற்பவர்கள் எல்லாம் கையில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு உள்ளே ஓடி வருவார்கள். 1984இல் தொடங்கிய சுற்றுப்பயணத்தில் அவர்கள் சர்ச்சிலின் போர்க்கால உரையை ஒலிக்கவிட்டு, அதன் வாலிலேயே போர் விமானிகளைப் பற்றிய 'ஏசஸ் ஹை' பாட்டில் இறங்கினார்கள். நன்றாகத்தான் இருக்கும், ஆனால் என்னைப் பொறுத்தவரை அந்த யூஎஃப்ஓ பாட்டுக்கு இருக்கும் வீரியம் சர்ச்சிலுக்குக் கிடையாது.

கூட்டத்துக்கு முன்கூட்டியே ஏதாவது தெரிந்திருந்தால்தான் தொடக்கம் எடுபடும் என்பதை நான் சொந்தச் செலவில் கற்றுக்கொண்டேன். 2013இல் நானும் அலுவலக நண்பர்கள் இருவரும் ஒரு சிறு குழு சேர்த்து, ஒரு குடியிருப்போர் சங்க ஆண்டு விழாவில் மேடையேறினோம். பெங்களூரின் பாதிப்பில், விளக்கை அணைத்துவிட்டு இரண்டு நிமிடம் இடியும் காற்றும் மட்டும் ஒலிக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்து, அந்த ஒலிக்கோப்பை என் கைப்பேசியிலிருந்து ஒலிக்கலவை மேசைக்கு இணைத்திருந்தேன். பிள்ளைகளின் நடனப் போட்டிக்குப் பரிசு எப்போது கொடுப்பார்கள் என்று காத்திருந்த கூட்டத்துக்கு அது மின்தடையாகத்தான் பட்டது. நாற்பதாவது வினாடியில் அம்மாவிடமிருந்து அழைப்பு வந்து, என் ரிங்டோன் மைதானம் முழுக்க ஒலித்தது. "போனை எடுப்பா" என்று முன்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் பொறுமையாகச் சொன்னார்.

ஏசி/டிசி குழுவின் மணியையும் இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும். 1980 பிப்ரவரியில் அவர்களுடைய பாடகர் பான் ஸ்காட் இறந்துபோனார். சில மாதங்களிலேயே பிரையன் ஜான்சன் என்ற புதிய பாடகருடன் அவர்கள் வெளியிட்ட இசைத்தட்டு ஒரு மணியோசையில் தொடங்கியது. அதைத் தொடர்ந்த சுற்றுப்பயணத்தில், இங்கிலாந்தின் லஃப்பரோவில் உள்ள ஜான் டெய்லர் வார்ப்பாலையில் செய்த பெரிய வெண்கல மணியை மேடைக்கு மேல் தொங்கவிட்டு, 'ஹெல்ஸ் பெல்ஸ்' பாட்டிலேயே நிகழ்ச்சியை ஆரம்பித்தார்கள். அந்த மணி யாருக்காக அடிக்கிறது என்று அறிவிக்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

இரண்டாவது, ஒலிப்பதிவில் கேட்டது, பிங்க் ஃபிளாய்ட் என்ற ஆங்கிலேயக் குழுவின் 'தி வால்'. 1980, 1981 ஆண்டுகளில் லாஸ் ஏஞ்சலஸ், நியூயார்க்கை ஒட்டிய யூனியன்டேல், லண்டன், டோர்ட்மண்ட் என்று நான்கே இடங்களில் 31 முறை மட்டும் நடந்த நிகழ்ச்சி இது. 1977இல் மான்ட்ரியாலில், கூட்டத்தின் கூச்சலும் பட்டாசும் தாங்காமல் எரிச்சலடைந்த குழு உறுப்பினர் ரோஜர் வாட்டர்ஸ் முன்வரிசை ரசிகர் ஒருவர்மீது எச்சில் உமிழ்ந்துவிட்டு, தனக்கும் ரசிகர்களுக்கும் நடுவே ஒரு சுவர் வேண்டும் என்று நினைத்ததில் பிறந்த கற்பனை. நிகழ்ச்சி நடக்க நடக்க மேடையின் குறுக்கே அட்டைச் செங்கற்களால் உண்மையாகவே சுவர் எழும்பும் என்பதைத்தான் எல்லோரும் பேசுவார்கள். எனக்குப் பிடித்தது அதற்கு முந்தைய சில நிமிடங்கள். அறிவிப்பாளர் ஒருவர் வந்து, குழு இன்னும் தயாராகவில்லை, பட்டாசு வெடிக்காதீர்கள் என்று வழவழவென்று பேசிக்கொண்டே இருப்பார். பேச்சின் நடுவிலேயே அவரை அமுக்கிக்கொண்டு முதல் பாட்டு வெடிக்கும். மேடையில் நான்கு பேர், கூட்டம் ஆர்ப்பரிக்கும். ஆனால் அந்த நால்வரும் பிங்க் ஃபிளாய்ட் அல்லர். பிங்க் ஃபிளாய்ட் உறுப்பினர்களின் முகங்களிலிருந்து வார்த்தெடுத்த முகமூடிகளை அணிந்த வேறு நான்கு வாத்தியக்காரர்கள். உண்மையான குழு பிறகுதான் வெளிச்சத்துக்கு வரும்.

நீங்கள் இவ்வளவு நேரம் யாருக்குக் கை தட்டினீர்கள் என்று கேட்கும் குரூரம் அதில் இருக்கிறது. மெட்டாலிகா எந்த அறிவை நம்பி நிற்கிறதோ அதே அறிவை இவர்கள் பொறியாக வைத்தார்கள். 1980 பிப்ரவரி 7 அன்று லாஸ் ஏஞ்சலஸில் நடந்த முதல் நிகழ்ச்சியில் குழுவின் சொந்த வாணவேடிக்கையே மேடைத் திரைச்சீலைகளில் தீப்பற்ற வைத்து, நிகழ்ச்சியைச் சிறிது நேரம் நிறுத்த வேண்டியதாயிற்று. பட்டாசு வெடிக்காதீர்கள் என்ற அந்த அறிவிப்பை 2000இல் வெளிவந்த ஒலிப்பதிவில் கேட்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும்.

ஆனாலும் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால், என் பதில் மூன்றாவது, டாக்கிங் ஹெட்ஸ் என்ற அமெரிக்கக் குழு. 1983 டிசம்பரில் ஹாலிவுட்டின் பான்டேஜஸ் அரங்கில் அவர்கள் நடத்திய நிகழ்ச்சிகளை ஜோனதன் டெமி 'ஸ்டாப் மேக்கிங் சென்ஸ்' என்ற படமாக எடுத்தார். படத்தில் முதலில் தெரிவது ஒரு ஜோடி வெள்ளைக் கான்வாஸ் காலணிகள். மேடை வெறுமையாக இருக்கிறது. பின்திரைகூட இல்லாமல் ஏணியும் கம்பியும் சுவரும் அப்படியே தெரிகின்றன. சாம்பல் நிறக் கோட்டும் கால்சட்டையும் அணிந்த பாடகர் டேவிட் பைர்ன் தனியாக வந்து, டேப் ரிக்கார்டரைத் தரையில் வைத்து, ஒரு டேப் போட்டுக் காட்ட விரும்புவதாகச் சொல்லிவிட்டு, பொத்தானை அழுத்தி, கிட்டாரை மீட்டிப் பாட ஆரம்பிக்கிறார். (நாம் கேட்கும் தாளம் உண்மையில் அந்தப் பெட்டியிலிருந்து வருவதில்லை, ரோலண்ட் டிரம் இயந்திரம் ஒன்றிலிருந்து ஒலிக்கலவை மேசை வழியாக வருகிறது என்று பின்னால் தெரிந்துகொண்டபோது எனக்குச் சற்று ஏமாற்றமாக இருந்தது.) பாட்டின் கடைசிப் பகுதியில் அந்தத் தாளம் துப்பாக்கிச் சூடுபோல் தாறுமாறாக வெடிக்க, பைர்ன் ஒவ்வொரு வெடிப்புக்கும் அடிபட்டவரைப்போலத் தடுமாறி, விழாமல் மேடையைச் சுற்றி வருகிறார்.

இரண்டாவது பாட்டுக்கு டினா வெய்மத் பேஸ் கிட்டாருடன் வருகிறார். அவர்கள் வாசித்துக்கொண்டிருக்கும்போதே, கறுப்பு உடை அணிந்த மேடை ஊழியர்கள் டிரம்ஸ் வைத்த சக்கர மேடையைப் பின்னால் உருட்டிக்கொண்டு வருகிறார்கள். மூன்றாவது பாட்டில் கிறிஸ் ஃபிரான்ட்ஸ் அதில் ஏறி உட்காருகிறார், நான்காவதில் ஜெர்ரி ஹாரிசன் வந்து சேர்கிறார். இப்படி ஆள் ஆளாகச் சேர்ந்து, ஆறாவது பாட்டில்தான் ஒன்பது பேரும் முழுமையாக மேடையில் இருக்கிறார்கள். இருட்டில்லை, வெடியில்லை, முன்பே தெரிந்திருக்க வேண்டியதும் ஒன்றுமில்லை. அந்தக் குழுவின் பெயரையே கேள்விப்படாத என் மனைவி இதைப் பார்த்துவிட்டு, ஒவ்வொரு வாத்தியமும் என்ன செய்கிறது என்று தனக்கு இப்போதுதான் பிரித்துக் கேட்கத் தெரிகிறது என்றாள். ஆறாவது பாட்டுக்கு வரும்போது முதலில் வைத்த டேப் ரிக்கார்டர் மேடையில் இருக்காது. அதை யார், எப்போது எடுத்துக்கொண்டு போனார்கள் என்பதை, எத்தனையோ முறை பார்த்தும் நான் கவனிக்கத் தவறிக்கொண்டே இருக்கிறேன்.