மார்கழியிலும் கிறிஸ்துமஸிலும் வீடு மணக்க: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

மழை ஓய்ந்து பல நாள் ஆகியும் வீட்டில் ஈர வாடை போகவில்லை. பண்டிகைக்கு உறவினர்கள் வருகிறார்கள். எந்த வாசனையை ஏற்றினால் இது மறையும்? (சென்னை)

எதையும் ஏற்றாதீர்கள், முதலில் வீட்டை உலர்த்துங்கள். அந்த வாடை பூஞ்சையிலிருந்து வருகிறது. அதன் மேல் சாம்பிராணி போட்டால் இரண்டும் கலந்து இன்னும் மோசமாகும். பீரோவையும் கட்டிலையும் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளிப் போடுங்கள். காலை 10 மணியிலிருந்து 3 மணி வரை எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். தலையணை, மிதியடி, சோபா உறை எல்லாம் மொட்டைமாடி வெயிலுக்குப் போகட்டும். சுவரில் கரும்புள்ளி இருந்தால் நீர் சேர்க்காத வெள்ளை வினிகரில் துணியை நனைத்துத் துடைக்கலாம். மார்பிளில் வினிகர் படக் கூடாது. பிளீச்சிங் பவுடரோடு எந்தக் காரணத்துக்காகவும் வினிகரைக் கலக்காதீர்கள், குளோரின் வாயு கிளம்பும்.

பீரோவுக்குள் கால் கிலோ அடுப்புக்கரியை மெல்லிய துணியில் கட்டி வைத்தால் வாடையை ஓரளவு இழுக்கும். வாரம் ஒருமுறை அதை வெயிலில் காய வைக்க வேண்டும். வாசனைக்கு இதெல்லாம் முடிந்த பிறகுதான் இடம்.

ஆரஞ்சுத் தோல், பட்டை, கிராம்பு போட்டுத் தண்ணீர் கொதிக்க வைக்கிறேன். அரை மணி நேரத்தில் வாசனை போய்விடுகிறது. (திருச்சி)

எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுத் தளதளவென்று கொதிக்க விடுவதுதான் காரணம். ஆரஞ்சுத் தோலின் எண்ணெய் மிக லேசானது, முதல் சில நிமிடங்களிலேயே ஆவியாகிவிடும். பட்டையும் அன்னாசிப்பூவும் அதற்குப் பிறகுதான் வாசனையை விடத் தொடங்கும்.

அகலமான பாத்திரத்தில் ஒன்றரை லிட்டர் தண்ணீர் எடுங்கள். விரல் நீளப் பட்டை 3, கிராம்பு 8, அன்னாசிப்பூ 2, நசுக்கிய இஞ்சி ஒரு துண்டு போட்டு ஒரு கொதி வந்ததும் சிம்மில் வையுங்கள். கால் மணி நேரம் கழித்து ஒரு ஆரஞ்சின் தோலையும், கிழித்து முடிச்சுப் போட்ட எலுமிச்சைப்புல் நாலு தாளையும் சேருங்கள். தோலை அப்படியே போடாமல் வெளிப்பக்கம் தெரிய மடித்து அழுத்துங்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் எண்ணெய் பொடித் தூறலாகத் தெறிப்பது தெரியும். வாசனை முழுக்க அந்த மேல் தோலில்தான் இருக்கிறது, உள்ளே இருக்கும் வெள்ளைப் பகுதியில் எதுவும் இல்லை.

தண்ணீர் குமிழ் விடக் கூடாது, ஆவி மட்டும் மெல்ல எழ வேண்டும். அரை மணிக்கு ஒருமுறை அரை டம்ளர் வெந்நீர் ஊற்றுங்கள். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஆவி நின்றுவிடும். அடுப்பை எரியவிட்டு வெளியே போகாதீர்கள். தண்ணீர் வற்றிக் கிராம்பு கருகினால் அந்த வாடை நாள் கணக்கில் திரைச்சீலையில் நிற்கும். கிராம்பைக் கூட்டினாலும் வீடு பல் மருத்துவமனை மாதிரி ஆகிவிடும், ஏனென்றால் அங்கே புழங்குவதும் கிராம்பெண்ணெயின் யூஜெனால்தான்.

எலெக்ட்ரிக் ரைஸ் குக்கர் இருந்தால் கொதித்த நீரை அதில் ஊற்றி, மூடாமல் ‘வார்ம்’ நிலையில் ஹாலிலேயே வைக்கலாம். மிச்சத்தை ஃப்ரிட்ஜில் வைத்து, புதிதாக ஒரு தோல் மட்டும் சேர்த்து மறுநாளும் பயன்படுத்துங்கள்.

சாம்பிராணி போட்டால் கண் எரிகிறது, கருகல் வாடைதான் வருகிறது. (கும்பகோணம்)

தணல் அளவுக்கு மீறிச் சுடுகிறது. கொட்டாங்குச்சிக் கரி சிவந்ததும் அவசரப்படாமல், மேலே வெள்ளையாக நீறு பூக்கும் வரை பொறுங்கள். அதன் மேல் அரை ஸ்பூன் சாம்பலும் தூவலாம். பிறகு கால் ஸ்பூன் சாம்பிராணித் தூள். அது உருகி, மெதுவாகப் பொங்கி, வெண்புகை விட்டால் சூடு சரி. சட்டென்று தீப்பிடித்துக் கரும்புகை வந்தால் இன்னும் பொறுக்க வேண்டும். ஒரு கை அள்ளிப் போட்டால் தணல் அணையும் அல்லது கருகும். சிட்டிகை சிட்டிகையாகப் போடுவதே முறை.

கட்டிச் சாம்பிராணி வாங்கும்போது உடைத்துப் பாருங்கள். பழுப்புப் பிசினுக்குள் பாதாம்பருப்பு போல வெளிர்த் துண்டுகள் தெரிந்தால் நல்ல சரக்கு. மிக்ஸியில் அரைத்தால் சூட்டில் இளகி பிளேடில் ஒட்டிக்கொள்ளும். அரை மணி நேரம் ஃப்ரீசரில் வைத்து இடியுங்கள். 100 கிராமுக்கு 25 கிராம் குங்கிலியமும், ஒரு கைப்பிடி காய்ந்த நொச்சியிலையும் சேர்த்தால் இனிப்பு வாசனை திகட்டாது. கம்ப்யூட்டர் சாம்பிராணியில் பெரும்பகுதி கரித்தூளும் மரத்தூளும்தான். இயற்கை வாசனை வேண்டுமென்றால் அது வேண்டாம்.

குளிருக்கு இதமாக இருக்கிறது என்று தணலைப் படுக்கையறையில் விட்டுக் கதவைச் சாத்தாதீர்கள். கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமே கிடையாது, உயிரை எடுக்கும். ஒரு ஜன்னலாவது திறந்திருக்க வேண்டும். முடிந்ததும் தணலைத் தண்ணீரில் அமிழ்த்திய பிறகே குப்பையில் போடுங்கள்.

ஆரஞ்சில் கிராம்பு குத்தித் தொங்கவிட்டேன். அழுகிவிட்டது. (நாகர்கோவில்)

நம் கமலா ஆரஞ்சின் தோல் தளர்வானது. உள்ளே காற்று நின்று பூசணம் பிடிக்கும். தோல் இறுகிய சாத்துக்குடியை எடுத்து, கோணியூசியால் துளையிட்டு, இடைவெளி தெரியாமல் நெருக்கமாகக் கிராம்பு குத்த வேண்டும். அப்படிச் செய்தாலும் காற்றில் ஈரம் நிறைந்த டிசம்பரில் ஒரு வாரத்துக்கு மேல் நம்ப முடியாது. மாற்று வழி: பழத்தை அரை சென்டிமீட்டர் வில்லைகளாக வெட்டி, ஒற்றித் துடைத்து, 100 டிகிரி ஓவனில் 3 மணி நேரம் வைத்து, பாதியில் திருப்பிப் போடுங்கள். நடுப்பகுதி பிசுபிசுப்பில்லாமல் உலர்ந்தால் நூலில் கோக்கலாம்.

கிறிஸ்துமஸ் மரத்துக்குச் சவுக்குக் கிளை வைக்கிறோம், வாசனையே இல்லை. (தூத்துக்குடி)

சவுக்கில் பைன் மர வாசனை கிடையாது. பச்சை யூகலிப்டஸ் கிளை இரண்டை உள்ளே மறைத்துச் செருகுங்கள். தினமும் நாலைந்து இலையைக் கசக்கிவிட்டால் மணக்கும். குடிலில் வைக்கோலோடு 50 கிராம் வெட்டிவேரைப் பரப்பி, காலையில் லேசாக நீர் தெளியுங்கள். நனைந்தால்தான் அது மணக்கும். ஈரமாகவே விட்டால் பூசணம் பிடிக்கும், இரண்டு நாளுக்கு ஒருமுறை வெயில் காட்டுங்கள். காய்ந்தும் மணக்கும் பூ வேண்டுமென்றால் மகிழம்பூ, தவனம். மல்லிகை காய்ந்தால் ஒன்றுக்கும் உதவாது.

தேங்காய் எண்ணெயில் வாசனை எண்ணெய் கலந்து, மணம் பரவ பாட்டிலில் குச்சி வைத்தேன். எண்ணெய் குச்சியில் ஏறவே இல்லை. (கொடைக்கானல்)

சுமார் 24 டிகிரிக்குக் கீழே தேங்காய் எண்ணெய் உறைந்துவிடும், உங்கள் ஊரில் ஏறவே ஏறாது. தேங்காய் எண்ணெயிலிருந்து பிரித்தெடுக்கும், உறையாத எம்சிடி எண்ணெய் 80 மில்லி, எலுமிச்சைப்புல் எண்ணெயோ நீலகிரித் தைலமோ 20 மில்லி கலந்து, வாய் குறுகிய பாட்டிலில் ஊற்றுங்கள். மூங்கில் குச்சியில் கணு தடுக்கும். பிரம்புக் குச்சி ஆறு போடுங்கள். வாரம் ஒருமுறை தலைகீழாகத் திருப்புங்கள்.

வீட்டில் ஆறு மாதக் குழந்தையும் பூனையும் இருக்கின்றன. (மதுரை)

குழந்தை இருக்கும் அறையில் புகை வேண்டாம். கற்பூரத்தைத் தொட்டிலில் கட்டும் பழக்கத்தையும் விடுங்கள், அது வாய்க்குப் போனால் வலிப்பு வரும். ஜி6பிடி (ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் நொதி) குறைபாடுள்ள குழந்தைக்கு அந்துருண்டை பட்ட துணியே ரத்த அணுக்களைச் சிதைக்கலாம். கிராம்பு, பட்டை, ஆரஞ்சு, டீ ட்ரீ எண்ணெய்களைப் பூனையின் ஈரலால் சரியாக வெளியேற்ற முடியாது. குச்சி வைத்த பாட்டில் அதற்கு எட்டவே கூடாது. உங்கள் வீட்டுக்குக் காய்ந்த வெட்டிவேரும் மகிழம்பூவும் சேர்த்துக் கட்டிய துணிமுடிச்சு போதும். ஜன்னலோரமாக, குழந்தைக்கும் பூனைக்கும் எட்டாத உயரத்தில் கட்டுங்கள்.