டேப்லெட்டில் ஒரு பக்கம், நோட்டில் நான்கு வரி

கேள்வி: என் மகன் இரண்டாம் வகுப்பு படிக்கிறான். பள்ளியில் எழுத்துப் பயிற்சி பெரும்பாலும் டேப்லெட்டில்தான். அதில் பேசியும் தட்டியும் ஒரு பக்கத்துக்குக் கதை எழுதிவிடுகிறான். நோட்டைக் கொடுத்தால் நான்கு வரிக்குள் கை வலிக்கிறது என்கிறான், எழுத்தும் கோட்டில் நிற்பதில்லை. "பின்லாந்திலேயே கையெழுத்தை விட்டுவிட்டார்கள், இவன் எழுதி என்ன ஆகப்போகிறது?" என்கிறார் கணவர். பள்ளியில் போய்ச் சண்டை போடுவதா, காலம் மாறிவிட்டது என்று விட்டுவிடுவதா?

பதில்: முதலில் உங்கள் கணவரின் பின்லாந்தை முடித்துவிடுவோம். அங்கே 2016இல் வந்த பாடத்திட்டம் கைவிட்டது, ஆங்கிலத்தில் 'கர்சிவ்' எனப்படும், எழுத்துகளைச் சேர்த்து எழுதும் கூட்டெழுத்தைக் கட்டாயமாகக் கற்பிப்பதை மட்டும்தான். எழுத்துகளைத் தனித்தனியாகக் கையால் எழுதக் கற்பது அப்படியே இருக்கிறது, கூடவே தட்டச்சும் சேர்ந்தது. பக்கத்து ஸ்வீடனோ 2023 வாக்கில் சின்ன வகுப்புகளில் திரையைக் குறைத்து, அச்சுப் புத்தகத்துக்கும் கையெழுத்துக்கும் திரும்ப ஆரம்பித்துவிட்டது.

சரி, உங்கள் மகனுக்கு வருவோம். ஒரு பக்கத்துக்குக் கதை வருகிறது என்றால், அவனிடம் சொல்ல விஷயம் இருக்கிறது. அதுதான் பெரிய வேலை. குறை கையில் இருக்கிறது. ஒவ்வொரு எழுத்தும் எப்படி வளையும் என்று யோசித்தே போட வேண்டியிருந்தால், ஏழு வயதுப் பிள்ளையின் கவனம் முழுக்க அதற்கே செலவாகிவிடும், கதைக்கு மிச்சம் இருக்காது. அதனால்தான் நோட்டில் நான்கு வரியோடு நின்றுவிடுகிறான்.

டேப்லெட்டில் அவன் எப்படி எழுதிப் பழகுகிறான் என்று ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். பல செயலிகளில் திரையில் மங்கலாக ஓர் 'இ' இருக்கும். பிள்ளை அதன் மேல் விரலை ஓட்டும், நிறம் நிரம்பும், நட்சத்திரம் விழும். சுழியில் தொடங்கினானா, வாலில் தொடங்கினானா என்று சில செயலிகள் கவனிப்பதே இல்லை. அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் கரின் ஜேம்ஸ் குழு 2012இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. இன்னும் படிக்கத் தெரியாத ஐந்து வயதுக் குழந்தைகளைச் சில எழுத்துகளைத் தாமாக எழுதவும், சிலவற்றை வரைந்திருக்கும் கோட்டின் மேல் ஓட்டவும், சிலவற்றைத் தட்டச்சு செய்யவும் வைத்தார்கள். பிறகு எடுத்த மூளை ஸ்கேனில், தாமாக எழுதிய எழுத்துகளைப் பார்த்தபோதுதான் வாசிப்புக்கான பகுதிகள் தெளிவாக இயங்கின. சிறிய ஆய்வுதான், அதை வைத்துப் பெரிதாகத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் கோட்டின் மேல் ஓட்டுவதும் வெறும் தாளில் எழுதுவதும் ஒன்றல்ல என்பது, பிள்ளைகளுக்கு எழுதச் சொல்லிக்கொடுத்த யாருக்கும் தெரிந்ததுதான்.

கை வலிப்பதற்கும் இதில் ஒரு காரணம் இருக்கலாம். உள்ளங்கை பட்டால் சில திரைகள் தவறாகக் கோடு போடும் என்பதால் பிள்ளைகள் மணிக்கட்டைத் தூக்கியபடியே எழுதப் பழகிவிடுகிறார்கள். அதே பழக்கத்தில் பென்சிலைப் பிடித்தால் விரல் சீக்கிரம் சோர்ந்துவிடும்.

தமிழுக்கென்று தனித் தொல்லை ஒன்றும் உண்டு. ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழை வரவழைக்கும்போது 'பள்ளம்', 'பல்லம்' என்று பட்டியல் வரும், பிள்ளை முதலில் இருப்பதைத் தொட்டுவிட்டுப் போவான். லகரமா ளகரமா என்ற முடிவை அவன் எடுக்கவே இல்லை. பேசி எழுதும்போது வேறு சிக்கல்: அப்புறம், அப்புறம் என்று கதை ஓடும், வாக்கியம் எங்கே முடிகிறது என்றே அவனுக்குத் தெரியாது.

இதற்காக டேப்லெட்டைப் பிடுங்கிவிடாதீர்கள். எழுதியதைத் திருத்துவதற்கு அதைப் போல வசதியானது வேறில்லை. தாளில் நடுவில் ஒரு வரி சேர்க்க வேண்டுமென்றால் முழுக்க மறுபடி எழுத வேண்டும், எந்தப் பிள்ளைதான் செய்யும்? நான்காம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான மாணவர்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2007இல் அமெரிக்காவில் வந்த அறிக்கையும், கணினியில் எழுதுவதைப் பயன் தரும் வழிகளில் ஒன்றாகவே சேர்த்திருந்தது. ஆனால் அது எழுத்துப் பழகி முடித்த வயது.

வீட்டில் தினமும் பத்து நிமிடம் போதும். கோடு போட்ட நோட்டு, குட்டையான பென்சில். பார்த்து எழுத வைக்காமல், நீங்கள் சொல்லச் சொல்ல எழுதட்டும். அழகாக இருக்கிறதா என்று பார்க்காதீர்கள், எங்கே தொடங்குகிறான் என்று பாருங்கள். கதையை டேப்லெட்டிலேயே சொல்லட்டும். அதில் அவனுக்குப் பிடித்த மூன்று வரியை மட்டும் நோட்டில் எழுதச் சொல்லுங்கள். தானியங்கித் திருத்தத்தையும் சொல் பரிந்துரையையும் அணைத்துவிடுங்கள்.

சில மாதம் இப்படிச் செய்தும் வலி குறையவில்லை, எழுத்து கொஞ்சமும் தேறவில்லை என்றால், எழுதுவது போன்ற அன்றாட வேலைகளுக்குக் கையைப் பழக்கும் தொழில்வழிச் சிகிச்சை நிபுணர் (ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்) ஒருவரிடம் காட்டுங்கள். எழுதுவதில் உண்மையான குறைபாடுள்ள பிள்ளைகளுக்கு விசைப்பலகை பெரிய உதவி, அங்கே நான் சொன்னதெல்லாம் அப்படியே பொருந்தாது.

பள்ளிக்குப் போங்கள், ஆனால் கேட்கத்தான். வாரத்தில் எத்தனை நாள் பென்சில் பிடிக்கிறார்கள்? டேப்லெட்டில் விரலா, பேனாவா? கோட்டின் மேல் ஓட்டுவதோடு நிற்கிறதா, வெறும் இடத்திலும் எழுத வைக்கிறார்களா? இதை வகுப்பு ஆசிரியையிடம் கேளுங்கள், நிர்வாகத்திடம் பிறகு போகலாம். அவருக்கும் இதே கவலை இருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.