வெரிகோஸ் வெயினுக்கு, அதாவது காலில் ரத்தக்குழாய் புடைத்து நெளிவதற்கு, லேசர் செய்தால் வலிக்குமா? எப்போது சரியாகும்?

நான் செய்துகொண்டேன். செய்யும்போது பெரிய வலி இல்லை. ஒரு வாரம் கழித்துத்தான் தொடை தன் வேலையைக் காட்டியது. இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

முதலில் நிற்க வைத்து, ரத்தம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுப்பார்கள். கெண்டைக்காலில் புடைத்து நெளிவதெல்லாம் கிளைகள்தான். கோளாறு பெரும்பாலும் தொடையின் உட்புறம் ஓடும் நீளமான ரத்தக்குழாயில் இருக்கும். வால்வு பழுதாகி, மேலே ஏற வேண்டிய ரத்தம் கீழே இறங்கும். அந்தக் குழாயை உள்ளிருந்தே சுட்டு மூடுகிறார்கள். அப்புறம் ரத்தம் எப்படிப் போகும் என்று பயப்படாதீர்கள். பெரும்பகுதியைச் சுமப்பது ஆழத்தில் உள்ள குழாய்கள். அவை நன்றாக இருக்கின்றனவா என்பதையும் அதே ஸ்கேனில் பார்த்துவிடுவார்கள்.

முழங்கால் பக்கம் மரப்பு ஊசி போட்டு, ஸ்கேன் திரையைப் பார்த்தபடி மெல்லிய குழாயை அந்த ரத்தக்குழாய்க்குள் விடுவார்கள். அடுத்து நடப்பதுதான் தொந்தரவு. தொடை நெடுக வரிசையாகக் குத்தி, மரப்பு மருந்து கலந்த உப்புநீரை நிரப்புவார்கள். சில்லென்று இருக்கும், தொடை இறுகி உப்பும். பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள், சூடு தசைக்கும் தோலுக்கும் பரவாமல் தடுப்பது அந்த நீர்தான். அதன்பின் சுடுவது அவ்வளவாகத் தெரியாது. சிலருக்கு வாயில் கருகிய ருசி தட்டும், அவ்வளவுதான். லேசருக்குப் பதில் ரேடியோ அலை முறை என்றால், ரத்தக்குழாயை 7 செ.மீ. பகுதி பகுதியாக 120 டிகிரி சூட்டில் சுடுவார்கள், ஒவ்வொன்றுக்கும் 20 விநாடி. ஒரு காலுக்கு எல்லாம் சேர்த்து ஏறக்குறைய ஒரு மணி நேரம். இறுக்கமான ஸ்டாக்கிங்ஸ் மாட்டிவிட்டு உடனே நடக்கச் சொல்வார்கள்.

இனி அந்த ஒரு வாரக் கதை. மூடிய குழாய் சுருங்கும்போது, காலை நீட்டினால் உள்ளே கயிறு கட்டி இழுப்பது போல இருக்கும். கன்றிப்போன இடம் நீலமாகி மஞ்சளாகும். தோலில் சில இடம் மரத்துக் கிடக்கும். நடந்தால் குறையும், படுத்தே கிடந்தால் இறுக்கம் கூடும். ஆனால் கெண்டைக்கால் திடீரென வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ காத்திருக்கக் கூடாது, உடனே மருத்துவமனைதான். ஆழத்தில் ரத்தம் உறைவது அரிது, ஆனால் நடக்கும். சில நாளில் மறு ஸ்கேனுக்குக் கூப்பிடுவதும் அதற்காகத்தான். வலி இல்லை என்று போகாமல் இருந்துவிடாதீர்கள்.

புடைப்புகள் அன்றே மறையாது. சில தானாகச் சுருங்க மாதக்கணக்கில் ஆகும். மீதிக்கு, மருந்தை நுரையாக்கிக் குழாய்க்குள் செலுத்தும் நுரை ஊசி போடுவார்கள், அல்லது சிறு துளையிட்டு எடுப்பார்கள். நுரை ஊசி போட்ட இடத்தில் பழுப்புக் கோடு சில மாதம் தங்கலாம். கிளைகளையும் அதே நாளில் முடிப்பார்களா, இன்னொரு முறை வர வேண்டுமா என்று முன்னாடியே கேட்டுக்கொள்ளுங்கள்.