ஏணையில் உறங்கிப் பாயில் விழிக்கும் குழந்தை

கேள்வி: என் மகளுக்குப் பதினொரு வாரங்கள் ஆகின்றன. ஏணையில் இட்டு ஆட்டினால் உறங்கிவிடுகிறாள். தூக்கிப் பாயில் கிடத்தியதும் வீரிட்டு அழுகிறாள். ஆட்டிப் பழக்கினால் பிறகு விடமாட்டாள் என்கிறார்கள் அயலவர்கள். மாமியோ இரவு முழுவதும் ஏணையிலேயே கிடக்கட்டும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
– ஒரு தாய், உப்புவெளி, திருகோணமலை

பதில்: முதலில் அயலவர்களின் அச்சத்தைப் பார்ப்போம். அசைவை உணரும் உட்செவி உறுப்பு பிறப்பதற்கு முன்னரே இயங்கத் தொடங்கிவிடுகிறது. நீங்கள் நடந்ததையும் புரண்டு படுத்ததையும் உங்கள் மகள் கருப்பையிலேயே மாதக்கணக்கில் உணர்ந்து வந்தவள். இந்த வயதில் அவள் அசைவைத் தேடுவது கெட்ட பழக்கமன்று. தானாக அமைதியடையும் திறன் அவளுக்கு இன்னும் வளரவில்லை, அவ்வளவுதான்.

பாயில் கிடத்தியதும் விழிப்பதற்கும் காரணம் உண்டு. இந்த வயதுக் குழந்தைகள் பெரும்பாலும் கண்ணிமைகளும் கைகால்களும் அசையும் மேலோட்டமான உறக்கத்தின் வழியாகவே ஆழ்ந்த உறக்கத்துக்குச் செல்கிறார்கள். ஜப்பானின் ரிக்கென் ஆய்வு நிறுவனத்தினர் 2022 இல் வெளியிட்ட ஆய்வொன்றில், அழும் குழந்தையை அணைத்தபடி தாய் 5 நிமிடங்கள் நிற்காமல் நடந்தபோது அழுகை அடங்கியது. ஆனால் கீழே கிடத்தும்போது, முதுகு தரையில் படுவதற்கு முன்பே, தாயின் உடலை விட்டுப் பிரியத் தொடங்கும் கணத்திலேயே இதயத்துடிப்பு விரைவடைந்தது. எனவே அவள் உறங்கிய பின்னர் 5 முதல் 8 நிமிடங்கள் அணைத்தபடி அமர்ந்திருந்து, பிறகு கிடத்துமாறு அவர்கள் கூறுகிறார்கள். சிறிய ஆய்வுதான், எனினும் செலவில்லாத யோசனை. கிடத்திய பின்னர் உள்ளங்கையைச் சற்று நேரம் அவளது மார்பில் வைத்திருங்கள்.

மாமியின் யோசனையில் எனக்கு உடன்பாடில்லை. ஏணையில் முதுகு வளைந்து, நாடி மார்பில் அழுந்தினால், கழுத்து இன்னும் நிற்காத குழந்தையின் மூச்சுவழி ஒடுங்கக்கூடும்; துணி முகத்தில் மூடிக்கொள்ளவும் இடமுண்டு. ஆகவே நீங்கள் விழித்திருந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது அவளை அமைதிப்படுத்த மட்டும் ஏணை உதவட்டும். இரவு உறக்கம் சமமான, கெட்டியான படுக்கையில், மல்லாந்த நிலையில், தலையணையின்றி அமைய வேண்டும். உங்கள் பாய் இதற்கு நல்ல தளம். நமது ஊர் வெக்கைக்கு மெல்லிய பருத்திச் சட்டை ஒன்றே போதும். பிடரி வியர்த்திருந்தால் அதையும் தளர்த்துங்கள்.

பகல் பொழுதை மறந்துவிடாதீர்கள். இரவு பகலை வேறுபடுத்தும் உடற்கடிகாரம் ஏறத்தாழ இரண்டு மூன்று மாதங்களில்தான் உருவாகத் தொடங்குகிறது என்பதால், காலை வெளிச்சத்தில் விறாந்தையில் சற்று நேரம் அவளை வைத்திருங்கள். விழித்திருக்கும்போது பாயில் குப்புறக் கிடத்தி, நீங்கள் எதிரே இருந்து முகம் காட்டிப் பேசுங்கள். சிறிது சிறிதாக நாளொன்றுக்கு 30 நிமிடங்களாவது இவ்வாறு கிடத்துமாறு உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. மாலையில் எண்ணெய் பூசி மென்மையாக நீவிக் குளிப்பாட்டுவதும் நன்றே, கைகால்களை முறுக்கி இழுக்காதவரை. இதை மாமியிடமே ஒப்படைக்கலாம்.

அழுகை நீடித்து உங்கள் பொறுமை தளரும்போது அவளைப் பாயில் பத்திரமாகக் கிடத்திவிட்டுச் சற்று விலகி நில்லுங்கள். ஆத்திரத்தில் உலுக்கினால் மூளையில் குருதி கசியலாம். காய்ச்சல் 38 பாகை செல்சியசை எட்டினாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, மூச்சுவிடச் சிரமப்பட்டாலோ, எழுப்பியும் எழாமல் துவண்டு கிடந்தாலோ, விடியும்வரை காத்திராமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள்.