படம் திரும்பியது, தொடுகை திரும்பவில்லை: ராஸ்பெர்ரி பை தொடுதிரை கேள்வி பதில்

கேள்வி: ராஸ்பெர்ரி பை 4 என்ற சிறு கணினியின் அதிகாரபூர்வ 7 அங்குலத் தொடுதிரையைத் தலைகீழாகப் பொருத்தி, படத்தை 180 பாகை திருப்பினேன். படம் நேராகிவிட்டது. ஆனால் மேல் இடது மூலையைத் தொட்டால் கீழ் வலது மூலையில் சொடுக்கு விழுகிறது.

பதில்: படம் காட்டும் பலகமும் விரலை உணரும் பரப்பும் ஒரே சட்டத்துக்குள் இருந்தாலும், அதை இயக்கும் லினக்ஸுக்கு அவை இரண்டு தனித்தனிச் சாதனங்கள். ஒன்றைத் திருப்பினால் மற்றது தானாகத் திரும்பாது. ராஸ்பெர்ரி பை இயங்குதளத்தின் புக்வார்ம் பதிப்பில், சாளரங்களைத் திரையில் காட்டும் லாப்டபிள்யூசி ஓடுமானால், திரை அமைப்புச் செயலியில் அந்தத் திரையைத் தேர்ந்து, டச்ஸ்கிரீன் என்ற பட்டியலில் தொடு சாதனத்தை அதனோடு இணையுங்கள். பெரும்பாலும் அதுவே போதும். இல்லையெனில் சாதனங்களைக் கையாளும் யூடெவின் விதி ஒன்றில், தொடுகையைப் படிக்கும் லிப்இன்புட்டுக்கான அளவீட்டு அணியை, அதாவது தொட்ட இடத்தைத் திரையின் இடமாக மாற்றும் எண்களை, எழுத வேண்டும். 180 பாகைக்கு முதல் வரிசை -1, 0, 1. அடுத்தது 0, -1, 1. அகலத்தை 1 என்று கொண்டால், 0.1-இல் பட்ட விரலை இது 0.9-க்குக் கொண்டுபோகிறது, உயரத்துக்கும் அதே கணக்கு. இரண்டு வழிகளையும் சேர்த்துச் செய்யாதீர்கள். தொடுகை இருமுறை திரும்பிப் பழைய இடத்துக்கே வந்துவிடும்.

கேள்வி: தொடக்க அமைப்புகள் உள்ள கான்ஃபிக் கோப்பில், படத்தைச் சுழற்றும் பழைய வரியை எழுதியும் ஒன்றும் நடக்கவில்லை.

பதில்: அந்த வரி, லினக்ஸுக்கு முன்பே ஓடத் தொடங்கும் ஃபர்ம்வேருக்கானது. 2021-இல் வந்த புல்ஸ்ஐ பதிப்பு முதல், திரையை லினக்ஸின் மையமான கெர்னலின் கேஎம்எஸ் என்ற காட்சி இயக்கி ஆள்வதால், அது கண்டுகொள்ளப்படுவதில்லை. புக்வார்மில் அந்தக் கோப்பே பூட் அடைவுக்குள் உள்ள ஃபர்ம்வேர் அடைவுக்கு இடம் மாறிவிட்டது. எந்தக் கோப்பைத் தொடுவதற்கு முன்னும் ஒரு நகல் எடுத்து வையுங்கள்.

கேள்வி: லாப்டபிள்யூசி பயன்படுத்தும் புதிய காட்சி முறையான வேலண்டை விட்டு, பழைய முறையான எக்ஸ்11-க்குத் திரும்பினால் எல்லாம் தீருமே?

பதில்: தீராது. எக்ஸ்ரேண்டர் என்ற கட்டளை அங்கும் படத்தை மட்டுமே திருப்பும். தொடுகைக்கு எக்ஸ்இன்புட் என்ற கட்டளை வழியாக இதே அணியைத்தான் கொடுக்க வேண்டும்.

மறுப்பு: என் தகவல் பலகை எக்ஸ்11-இல் ஆண்டுக்கணக்கில் ஓடுகிறது.

பதில்: ஓடுவதைக் கலைக்கச் சொல்லவில்லை. நீங்கள் நம்பியிருக்கும் மென்பொருள் எக்ஸ்11-ஐ மட்டுமே அறியுமானால், ராஸ்பி-கான்ஃபிக் என்ற அமைப்புக் கருவியில் அதற்கு மாறுவது நியாயமே. ஆனால் தொடுகைக் கோளாறுக்காக மட்டும் மாறுவது, கால் வலிக்கு வீட்டை மாற்றுவது போன்றது. புதிதாகத் தொடங்குபவரை அந்தப் பக்கம் அனுப்ப எனக்கு மனமில்லை.

கேள்வி: திரை அடிக்கடி கருக்கிறது, மூலையில் மின்னல் குறி வருகிறது.

பதில்: மின்னழுத்தம் 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்குகிறது. அமைப்பைத் தொடாதீர்கள், மின்வழங்கியையும் கம்பியையும் மாற்றுங்கள். திரையை இணைக்கும் ரிப்பன் கேபிளைச் சரிபார்ப்பதானால் முதலில் மின்சாரத்தை முழுதும் துண்டியுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே அதைக் கழற்றி ஒரு திரையை இழந்தவன் என்பதால் சொல்கிறேன்.

கேள்வி: பின்கள் வழியாக இணையும் 3.5 அங்குல எஸ்பிஐ திரையில் சுட்டி விரலுக்குத் தள்ளி நிற்கிறது.

பதில்: அது அழுத்தத்தால் உணரும் மின்தடை வகை, தனி அளவீடு தேவை. விற்றவர் தரும் நிறுவல் நிரல் கான்ஃபிக் கோப்பை மாற்றி எழுதக்கூடும். நகல் எடுத்த பிறகே ஓட்டுங்கள்.

கேள்வி: படத்தை வலப்புறம் 90 பாகை திருப்பினேன், தொடுகை இடம் மாறி விழுகிறது.

பதில்: முதல் பதிலில் இதைத்தான் விளக்கியிருக்கிறேன், தயவுசெய்து படித்துவிட்டுக் கேளுங்கள். உங்களுக்கான எண்கள்: 0, -1, 1, பிறகு 1, 0, 0.

கேள்வி: ஐயா, எனக்கும் தொடுகை தலைகீழாக இருக்கிறது.

பதில்: முதல் பதில். கேபிளைத் தொடுவதானால் மின்சாரத்தைத் துண்டித்த பிறகு.