ஒரு குடும்பப் பெயர் உலகிலேயே சில நூறு பேரிடம் மட்டும் இருப்பது எப்படி?

அந்தப் பெயர் ஏதோ அரச வம்சத்துடையது என்று பலரும் கற்பனை செய்துகொள்வார்கள். பெரும்பாலும் காரணம் வெறும் தற்செயல்தான். பெயர் தந்தைவழியில் மட்டும் போகும் சமூகத்தில், ஒருவருக்கு மூன்றும் பெண்ணாகப் பிறந்தால் அந்தக் கிளையில் பெயர் அதோடு நின்றுவிடும். தலைமுறை தலைமுறையாக இது நடந்தால் பல பெயர்கள் அருகிப்போகும், சில அழிந்தே போகும். ஆங்கிலேய அறிஞர் பிரான்சிஸ் கால்டன் 1873-இல் இதை ஒரு கணக்காகவே கேட்டார். கணிதவியலாளர் ஹென்றி வாட்சனும் அவரும் 1874-இல் விடை வெளியிட்டார்கள். எல்லாப் பெயரும் கடைசியில் அழியும் என்று வாட்சன் முடிவுகட்டியது தவறு. சராசரியாக ஒருவருக்கு ஒன்றுக்கு மேல் மகன்கள் இருந்தால் பெயர் தப்பிக்க வாய்ப்புண்டு.

குடும்பப் பெயர் வைக்கும் வழக்கத்தின் வயதும் முக்கியம்; பழையதாக இருந்தால் அதிகப் பெயர்கள் அழிந்திருக்கும். சீனாவில் அது ஆயிரக்கணக்கான ஆண்டுப் பழசு. வாங், லி, ஜாங் மூன்றிலேயே சுமார் ஐந்தில் ஒருவர் அடக்கம். ஜப்பானில் 1875-இல்தான் எல்லோருக்கும் கட்டாயமானது. அதனால் அங்கே இன்னும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள், அவற்றில் ஏராளமானவை அரிது.

எழுத்துப்பிழையையும் மறக்காதீர்கள். தேவாலயப் பதிவேட்டில் எழுதியவர் காதில் விழுந்தபடி ஓர் எழுத்தை மாற்றினால் போதும், புதுப் பெயர் ரெடி! எனவே வேர் தேடும்போது பக்கத்து எழுத்துக்கூட்டல்களையும் சேர்த்தே தேடுங்கள்.