வாசித்தால் யார் ஆடுவது?

அன்புள்ள சார்,

கனடாவில், ஹாலிஃபாக்ஸில் இருக்கிறோம். போன மாதம் நாட்டலி மக்மாஸ்டர், டானல் லேஹி தம்பதியின் நிகழ்ச்சிக்குப் போனோம். ஏழு பிள்ளைகளாம் அவர்களுக்கு. பிள்ளைகளும் பிடில் வாசித்தார்கள், காலடியாலேயே தாளம் தட்டும் ஸ்டெப் டான்ஸ் ஆடினார்கள். கண்கலங்கிவிட்டது. எங்கள் மகளுக்கு ஒன்பது வயது. வயலின் வகுப்புக்கு அனுப்புகிறோம், வீட்டில் பெட்டியைத் திறக்கவே மாட்டேன் என்கிறாள். இதெல்லாம் ரத்தத்தில் வரவேண்டுமா? பரம்பரை இல்லாத வீட்டில் என்ன செய்வது? நம் கலைகளை நாம் ஏன் இப்படிக் காப்பாற்றவில்லை?

சுபா

அன்புள்ள சுபா,

கடைசிக் கேள்வியை நான் தொடப்போவதில்லை. எதைப் பார்த்தாலும் உடனே 'நம்மவர்கள் ஏன் இப்படி இல்லை' என்று ஒப்பாரி வைப்பது ஒரு வியாதி. அன்று ஒரு சாயங்காலமாவது அவர்கள் இசையை அவர்கள் இசையாகவே கேட்டிருக்கலாம்.

ஆனால் குடும்பம் என்று எழுதியிருக்கிறீர்களே, அது கொஞ்ச நாளாகவே என் மனதில் ஓடிக்கொண்டிருக்கும் விஷயம். நாட்டலியின் அப்பாவோடு பிறந்தவர் பட்டி மக்மாஸ்டர். 1924இல் பிறந்தவர், ரயில்வேயில் வேலை. ரயில் வராத இரவு நேரங்களில் ஸ்டேஷனிலேயே உட்கார்ந்து பிடில் பழகியவர். அவருடைய முதல் முழு ஆல்பம் வந்தது 1989இல்தான். அதற்குள், உங்கள் ஊருக்கு வடகிழக்கே இருக்கும் கேப் பிரெட்டன் தீவின் நடனக் கூடங்களில் ஒரு ஆயுசுக்கு வாசித்து முடித்திருந்தார். சின்ன வயதில் அவருடைய அம்மா மெட்டுகளை வாயாலேயே பாடுவாராம். பையன் அப்பாவின் பிடிலைக் கையில் எடுத்தபோது மெட்டு ஏற்கெனவே காதில் இருந்தது. உங்கள் வீட்டில் அந்தப் பெண்ணின் காதில் என்ன விழுகிறது? நீங்களே கேட்காத இசையை அவள் மட்டும் தினமும் அரைமணி நேரம் வாசிக்க வேண்டும் என்றால் எப்படி?

சரி, அப்படியானால் எல்லாம் குடும்பம்தான் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். 1971இல் கனடாவின் ஒலிபரப்பு நிறுவனமான சிபிசி, கேப் பிரெட்டன் பிடில்காரர்கள் மறைந்துகொண்டிருக்கிறார்கள் என்று ஓர் ஆவணப்படம் எடுத்தது. தீவில் பலருக்குக் கோபம். 1973இல் கிளெண்டேலில் விழா எடுத்து, நூற்றுக்கும் மேற்பட்ட பிடில்காரர்களை மேடையேற்றிக் காட்டினார்கள். முன்னால் நின்றவர்களில் ஜான் ஆங்கஸ் ரங்கின் என்ற பாதிரியாரும் ஒருவர். (அதே தீவில், மாபூவில், 19ஆம் நூற்றாண்டில் ஒரு பாதிரியார் ஊரார் பிடில்களை வாங்கி எரித்தார் என்று சொல்வார்கள். திருச்சபை கடனைத் தீர்த்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.) ரோஷத்தோடு நிறுத்தவில்லை, பிள்ளைகளுக்கு வகுப்புகளும் நடந்தன. ஸ்டான் சாப்மன் என்ற ஆசிரியரிடம் கற்றவர்கள்தான் நாட்டலியும், அந்தத் தீவின் இன்னொரு பிரபல பிடில்காரரான ஆஷ்லி மகைசக்கும். நீங்கள் கண்கலங்கிப் பார்த்த பரம்பரைக்குள் ஒரு வகுப்பு வாத்தியாரும் இருக்கிறார்.

இவ்வளவு இருந்தும் சனிக்கிழமை நடனம் இல்லாவிட்டால் ஒன்றும் மிஞ்சியிருக்காது என்பது என் கட்சி. மேற்கு மாபூ கூடத்தில் ஒரு சனிக்கிழமை இரவு இருந்திருக்கிறேன். பிடிலும் பியானோவும் மட்டும். பிடில்காரர் நாற்காலியில் உட்கார்ந்தபடி காலால் தாளம் போட, பலகைத் தரை அதிர்ந்தது. ஜிக், ஜிக், அப்புறம் ரீல் என்று துரித மெட்டுகளில், ஜோடிகள் சேர்ந்து ஆடும் சதுர நடனம் சுற்றிச் சுற்றி வந்தது. நடுவில் அவர் ஸ்ட்ராத்ஸ்பே என்ற நிதானமான மெட்டுக்கு மாறியதும் தரை காலியானது. ஒரு பெரியவர் மட்டும் எழுந்து வந்தார். இரண்டு கையும் சும்மா தொங்கின. எல்லாம் முழங்காலுக்குக் கீழேதான், பாதம் தரையைவிட்டு எழும்பியதே தெரியவில்லை. பிடில்காரர் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, ஷூவைப் பார்த்து வாசித்துக்கொண்டிருந்தார். ரீல் வந்ததும் இன்னும் கொஞ்சம் ஆடிவிட்டு, கைதட்டலுக்கு நிற்காமல் போய் உட்கார்ந்துவிட்டார் மனிதர். அடுத்து ஒரு பையன். என் பக்கத்திலிருந்த அம்மாள், "அது அவன் பாட்டி வைக்கிற அடி" என்றார்.

அந்த ஷூதான் விஷயம். வாசிப்பு ஓடினால் கால் தடுமாறும், தொய்ந்தால் கால் காத்து நிற்கும். எந்தப் பரீட்சையும் இப்படித் திருத்தாது.

ரத்தம் என்றீர்கள். நிலத்தைவிட்டு விரட்டப்பட்டும் பிழைப்புத் தேடியும் ஸ்காட்லாந்தின் ஹைலண்ட்ஸ் மலைப்பகுதியிலிருந்து கப்பலேறியவர்களின் வாரிசுகள் இவர்கள். அவர்களுடைய சொந்தபந்தம் அங்கேயும் இருந்தது. ஆனாலும் அங்கே இந்த ஆட்டம் ஏறக்குறைய அற்றுப்போய், 1980, 90களில் கேப் பிரெட்டன்காரர்கள் போய்ச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. இரண்டு கரையிலும் ஒரே ரத்தம்தானே? வீடு மட்டும் போதும் என்பவர்களுக்கும் ஒன்று: அவர்கள் ஸ்காட்லாந்திலிருந்து கொண்டுவந்த கேலிக் மொழியும் இதே வீடுகளில்தான் இருந்தது. பள்ளியில் பேசினால் பிள்ளைகளுக்கு அடி விழுந்தது. இன்று அதைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்கள் மிகச் சொற்பம். பிடிலுக்கு வாராவாரம் ஒரு கூடம் இருந்தது, தப்பித்தது.

உங்கள் மகள் வாசித்தால் அந்த வீட்டில் யார் ஆடுகிறார்கள்? பரிசோதகர் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு இரண்டு பேர் சோபாவில் உட்கார்ந்திருந்தால் நானும் பெட்டியைத் திறக்கமாட்டேன்.

மாபூ உங்களுக்குக் காரில் மூன்றரை மணி நேரம். கோடையில் ஒரு சனிக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு போங்கள். பியானோ பக்கமாக உட்காருங்கள். போன் காரிலேயே இருக்கட்டும். ஆட ஆள் குறைந்தால் உங்களைத்தான் இழுப்பார்கள், வெட்கப்படாமல் எழுந்து போங்கள், தப்பும் தவறுமாக ஆடுங்கள், அவள் பார்க்கட்டும். திரும்பி வரும் வழியில் "என்ன கத்துக்கிட்ட?" என்று மட்டும் தயவுசெய்து கேட்டுவிடாதீர்கள்.